டிவி வயரும் அம்மாவின் மணிக்கட்டும்

போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். தப்பு என் மேல். அதனால் எழுதிவிடுகிறேன்.

அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து அம்மாவை ஊரிலிருந்து எங்களோடு அழைத்து வந்தோம். நான் வேலை பார்ப்பது ஒரு தாலுகா அரசு மருத்துவமனை. வாடகை வீடு. முன்னால் ஹால், நடுவில் நீளமான பேசேஜ், கடைசியில் அம்மாவின் ரூம். பாத்ரூம் போக அந்தப் பேசேஜுக்குத்தான் வர வேண்டும்.

அம்மா கொண்டு வந்தது ரெண்டு பை துணி, ஒரு வெண்கலப் பானை, ஒரு டிவி. 2006ல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்ததே, அந்த 14 இன்ச் கலர் டிவி.

"இது எதுக்கும்மா? ஹால்ல பெரிய டிவி இருக்குல்ல?"

"உங்கப்பா நியூஸ் பாத்த டிவிப்பா. இருந்துட்டுப் போகட்டும்."

அதற்கு மேல் நான் பேசவில்லை.

மகள் மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு அவளுக்குக் கார்ட்டூன், அம்மாவுக்கு சீரியல். அம்மா விட்டுக்கொடுத்துவிட்டு ரூமுக்குள் போய் லைட்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பார். நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது ரெண்டு நாள் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அந்த ரூமிலும் டிவி ஓட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"டாக்டர் தம்பி, எத்தனை டிவி வேணாலும் வைங்க. சுவத்துல ஓட்டை மட்டும் போட்றாதீங்க. முன்னாடி இருந்தவங்க சல்லடையாக்கிட்டுப் போயிட்டாங்க."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதலில் எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி, டிஷ்ஷிலிருந்து வரும் வயரை ரெண்டாகப் பிரித்து ஒன்றை அம்மா டிவியின் பின்னால் செருகினேன். ஒரே புள்ளி புள்ளியாக வந்தது. எம்பிபிஎஸ் படித்தவன் இது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். டிஷ் பிடிப்பதை அப்படியே படமாகக் காட்ட அந்த டிவிக்குத் தெரியாது. நடுவில் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்து பிரித்துப் படித்துச் சொன்னால்தான் படம் வரும்.

அடுத்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஹால் டிவி பாக்ஸிலிருந்து ஹெச்டிஎம்ஐ வயரில் ஓடியது. பாக்ஸின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டைகள் மூன்றும் சும்மாதான் இருந்தன. நீளமான ஏவி வயர் ஒன்று வாங்கி அம்மா டிவியில் மாட்டினேன். படம் வந்துவிட்டது. லேசாகக் கோடு ஓடியது, அவ்வளவுதான். ஆனால் ஹாலில் என்ன ஓடுகிறதோ அதேதான் அங்கேயும் ஓடும். மருமகள் மாமியாரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுப்பார், மகள் ஹாலில் ரிமோட்டை அமுக்குவாள், அம்மா ரூமில் பூனை எலியைத் துரத்தும். "ஏய் குட்டி, ஒரே நிமிஷம்டீ!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சிரித்துக்கொண்டே நாலு நாள் ஓட்டினோம்.

அந்த வயரை எப்படிக் கொண்டு போனேன் என்பதுதான் விஷயம். ஓட்டை போடக் கூடாது. அதனால் தரையோடு பேசேஜ் முழுக்க இழுத்து, அம்மா ரூம் வாசலில் குறுக்கே போகும் இடத்தில் மட்டும் மேலே ஒரு மிதியடியைப் போட்டு மூடிவிட்டேன். பார்க்க நீட்டாக இருந்தது.

ஓபியில் வயதானவர்கள் யார் வந்தாலும் நான் பாடும் பாட்டு ஒன்று உண்டு. தரையில் வயர் கிடக்கக் கூடாது, நழுவும் மிதியடி கூடாது, ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன லைட் எரியட்டும். எங்கள் சிஸ்டர்களுக்கே அது மனப்பாடம்.

ஐந்தாம் நாள் நைட் டியூட்டி. மூன்றேகால் மணிக்கு மனைவி ஃபோன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். வலது மணிக்கட்டு, முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போல வளைந்திருந்தது. எக்ஸ்ரே வரும் முன்னாலேயே தெரிந்துவிட்டது. விழும்போது கையை ஊன்றினால் உடைகிற எலும்பு அது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலிந்துகொண்டே வரும். நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே போதும்.

டியூட்டி சிஸ்டர் கேட்டார், "எப்படிம்மா விழுந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார், "வாசல்ல வழுக்கிருச்சும்மா. தண்ணி கெடந்துச்சு."

மனைவி என்னைப் பார்த்தார். மூன்றேகால் மணிக்கு அம்மாவுக்கு வாசலில் என்ன வேலை? சிஸ்டர் முன்னால் மகன் தலை குனியக் கூடாது என்று, அந்த வலியிலும் யோசித்திருக்கிறார். நானும் மறுத்துச் சொல்லவில்லை. சீட்டில் அப்படியே எழுதினேன்.

எலும்பு டாக்டர் நண்பர் இழுத்துச் சரி செய்து மாவுக்கட்டு போட்டார். ஆறு வாரம்.

மறுநாளே வயரைச் சுருட்டி எடுத்தேன். டிஷ் கம்பெனி டெக்னீஷியன் பையனை வரச் சொன்னேன். என் ஸ்ப்ளிட்டரைப் பார்த்துச் சிரித்தான். "சார், பாக்ஸ்தான் மேல கரண்ட் அனுப்பும். 13 வோல்ட் போனா ஒரு செட் சேனல், 18 வோல்ட் போனா இன்னொரு செட். ஒரே வயர்ல ரெண்டு பாக்ஸ் மாட்டுனா ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் மாதிரி. இது ஆவாது." டிஷ்ஷின் தலையில் இருக்கும் எல்என்பியைக் கழற்றிவிட்டு, ரெண்டு வழி உள்ளதை மாட்டினான். அம்மாவுக்குத் தனி பாக்ஸ், தனி வயர். மாதம் கொஞ்சம் கூடுதல் பணம். முதல் நாளே நான் இதைச் செய்திருக்கலாம்.

சுவரில் ஓட்டையும் போடவில்லை. மொட்டை மாடியிலிருந்து மழைத்தண்ணிக் குழாயோடு சேர்த்து டேக் கட்டி இறக்கினான். ஜன்னல் மூலை வழியாக நேராக அம்மா ரூமுக்குள் வந்துவிட்டது. உள்ளே நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்க விட்டு வளைத்தான். ஏன் என்று கேட்டேன். "மழைத்தண்ணி வயரைப் புடிச்சுக்கிட்டே உள்ள வரும் சார். இப்படி விட்டா கீழேயே சொட்டிரும்." உங்கள் வீட்டிலும் இதைச் செய்துகொள்ளுங்கள். முக்கியமாக, வயர் எப்படி வந்தாலும் ஆள் நடக்கிற தரையில் வரக் கூடாது. பேசேஜில் இப்போது இருபத்துநாலு மணி நேரமும் ஒரு ஜீரோ வாட் பல்ப் எரிகிறது. மிதியடியைத் தூக்கிப் போட்டாச்சு.

கட்டுப் பிரித்த பிறகும் விரல்களை மடக்க ஒரு மாதம் பயிற்சி தேவைப்பட்டது. அதுவரை அம்மா இடது கையால்தான் ரிமோட்டை அமுக்கினார். ஏழு மணிக்கு சீரியல், எட்டு மணிக்கு அப்பா பார்க்கும் அதே நியூஸ்.

சொந்தக்காரர்கள் வந்தால் கையைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். நான் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மா இன்னும் வாசலில் வழுக்கியதாகத்தான் சொல்கிறார்.