மாற்றப்படாத காசோலை



அஸர் தொழுகை முடிந்ததும் கடற்கரைப் பக்கம் காலாற நடந்து வருவது என் வழக்கம். வழியில்தான் எங்கள் பழைய மைதானம் இருக்கிறது. பிள்ளைகள் பந்தை உதைக்கும் ஓசை கேட்டால் என் வலக்கால் தானாகவே அசையும். முழங்கால் சவ்வு கிழிந்து நான் ஆட்டத்தை விட்டு முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. காலுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை போலும்!

பதினைந்து ஆண்டுகள் ஒரே அணிக்காக ஆடியவன் நான். வெளியூர் அணியொன்று பணமும் வேலையும் தருவதாக அழைத்தபோது, "ஊரை விட்டு வரமாட்டேன்" என்று மறுத்துவிட்டேன். அதை என் விசுவாசம் என்று நெடுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஆட்டத்தை நிறுத்திய சில ஆண்டுகளிலேயே என்னை அழைப்பார் இல்லை. இறுதிப்போட்டி நாளில் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். "இவ்வளவு ஆடிக் கொடுத்தும் நம்மை மறந்துவிட்டார்களே" என்ற குறை நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்நாளில்தான் முஹம்மது ஸலீம் என்ற ஆட்டக்காரரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அவர் கல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அணியின் வீரர். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற அணி அது. அதற்கு முன் எந்த இந்திய அணியும் அந்த லீக்கை வென்றதில்லை.

1936இல் உறவினர் ஒருவரின் துணையோடு ஸலீம் கப்பலேறி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை அடைந்தார். அங்குள்ள புகழ்பெற்ற செல்டிக் அணிக்காக, பூட்ஸ் அணியாமல், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடினார். கால்ஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 7-1 என்று வென்றது. பத்திரிகை அவரை இந்திய வித்தைக்காரர் என்று வியந்து எழுதியது. எனினும் ஊர் நினைவு அவரை அங்கே தங்கவிடவில்லை. தாயகம் திரும்பித் தம் பழைய அணிக்கே ஆடினார்.

பல ஆண்டுகள் கழிந்தன. முதுமையில் அவர் நோயுற்றபோது, சிகிச்சைக்கு உதவி கேட்டு அவருடைய மகன் செல்டிக் அணிக்குக் கடிதம் எழுதினார். பணம் பெறுவது அவர் நோக்கமன்று. இரண்டே ஆட்டங்கள் ஆடிச் சென்ற தம் தந்தை அவர்கள் நினைவில் இருக்கிறாரா என்று அறியவே எழுதினாராம். பதிலோடு 100 பவுன் காசோலையும் வந்தது. மகன் அதைப் பணமாக மாற்றாமல் பாதுகாத்து வைத்துக்கொண்டார். ஸலீம் 1980இல் காலமானார்.

இதைப் படித்ததும் என் குறை பெரிதாகியிருக்க வேண்டும். மாறாக, வேறொரு கேள்வி என்னைத் தைத்தது. என்னை யாரும் நினைக்கவில்லை என்று நொந்துகொண்ட நான், யாரை நினைத்தேன்?

எங்கள் அணியின் கோல் கீப்பராக இருந்த காக்கா, பக்கவாதத்தில் படுத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் அவர் வீடு. ஒருமுறையேனும் நான் போய்ப் பார்த்ததில்லை. பாய்ந்து பந்தைப் பிடித்த மனிதரைப் படுக்கையில் பார்க்க மனம் கூசியது என்பதே என் சமாதானம். அணிக்கு விசுவாசம் என்றேனே, அணி என்பது சட்டையின் நிறமா? உடன் ஆடிய மனிதர்கள் அல்லவா?

மறுநாளே சென்றேன். ஸலாம் சொன்னதும் காக்கா என்னைக் கண்டுகொண்டார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், இயங்கும் இடக்கையை மெல்ல நீட்டி என் முழங்காலைத் தொட்டார். குழறிய நாவால், "இன்னும் வலிக்குதாப்பா?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

இப்போது வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் அவரைப் பார்க்கப் போகிறேன். மைதானத்துப் பிள்ளைகளில் ஓரிருவரையும் அழைத்துச் செல்கிறேன். பழைய ஆட்டங்களைப் பற்றி அவர்கள் கேட்கக் கேட்கக் காக்காவின் முகம் மலர்கிறது. வேலியோரம் நின்ற என் குறையும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

வாசகர்களே! உங்கள் தெருவிலும் ஒரு பழைய ஆட்டக்காரர் இருப்பார். கோப்பையும் பொன்னாடையும் அவருக்கு வேண்டியதில்லை. ஒருநாள் உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஸலாம் கூறி, சற்று நேரம் அருகில் அமர்ந்துவிட்டு வாருங்கள்.