உளியும் வைரமும்

மரக்காணத்து உப்பளக் கரையை அடுத்த ஊரில் முதிய தச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற தீட்டுக்கல் நெடுநாள் தேய்வால் நடுவே குழிந்துவிட்டது. குழிந்த கல்லில் தீட்டிய உளியின் வாய் நேர்படுமோ? மழுங்கிய உளியை அவர் வலிந்து தள்ளினார். அது வழுக்கி இடக்கையைக் கிழித்தது.

அது கண்ட மகன் வைரத் தீட்டுப்பலகை ஒன்றை வாங்கி வந்தான். எஃகுத் தகட்டின்மேல் வைரத்துகளை நிக்கல் பூச்சால் பதித்துச் செய்தது அது. கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோசு அளவையில் குருந்தக்கல்லுக்கு 9, வைரத்துக்கு 10. 1953, 1954 ஆம் ஆண்டுகளில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் வைரத்தைச் செயற்கையாக ஆக்கிய பின்னர், அரசர் முடிக்குரிய மணி தொழிலாளர் கைக்கும் எளிதில் எட்டியது.

“தந்தையார் கல்லை எறிந்துவிடுவதோ?” என்று முதியவர் வருந்தினார்.

“எறிய வேண்டா, அப்பா, செப்பம் செய்வோம்” என்ற மகன், நீர் தெளித்து, அக்கல்லையே வைரப்பலகையால் தேய்த்துச் சமனாக்கினான். பின்னர்த் தச்சர் உளியின் சாய்முகத்தைப் பலகையில் வைத்து, மறுபுறம் பிசிறு எழும்வரை தீட்டினார். அப்பிசிறைப் பழைய கல்லில் நீக்கினார். உப்புக் காற்றில் எஃகு விரைந்து துருப்பிடிக்குமாதலின், ஈரம் துடைத்து எண்ணெயும் பூசினார்.

மாணவர்களே, புதுமை பழமையைச் செப்பம் செய்யுமாயின் இரண்டும் பயன் தரும் அல்லவா?