அந்த நீல 'இ'-யை எங்கே ஒளிச்சு வெச்சே தம்பி?

போன மாசம் பொண்ணோட படிப்புக்கு ஒரு விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கிறது ஃபயர்பாக்ஸ். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் (அடியேன்தான்) எல்லாத்தையும் ஒழுங்கா வாங்கிக்கிட்டு, கடைசிப் பக்கத்துல ஒரு சிவப்புக் கட்டம் வந்து நின்னுச்சு. 'தயவுசெய்து கூகுள் குரோமைப் பயன்படுத்தவும்.'

"குரோம்ல போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்குப்பா இப்படி முறைக்கிறீங்க?"ன்னு கேட்டா பொண்ணு.

போட்டேன். முடிஞ்சுது. ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அதுக்குக் காரணம் அந்தக் கட்டம் இல்ல. 2006-ல அம்பத்தூர்ல நான் பண்ணின ஒரு தப்பு.

அப்போ ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடியில, எட்டு கம்ப்யூட்டரோட ஒரு பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தேன். மணிக்கு இருபது ரூபா. எட்டுலயும் விண்டோஸ் எக்ஸ்பி. எல்லாத்துலயும் அந்த நீல 'இ', அதாங்க இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. வர்றவங்களுக்கு அதுக்குப் பேர் பிரவுசர்னுகூடத் தெரியாது. அதுதான் இன்டர்நெட். "தம்பி, இந்த மெஷின்ல இன்டர்நெட் காணோம்"னா, யாரோ அந்த ஐகானை அழிச்சுட்டாங்கன்னு அர்த்தம்.

அது எப்படி அப்படி ஆச்சுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். 90-கள்ல நெட்ஸ்கேப்தான் ராஜா. மைக்ரோசாஃப்ட் தன்னோட பிரவுசரை விண்டோஸோடயே சேர்த்து இலவசமாக் கொடுத்துச்சு. இலவசமா வீட்டுக்கே வர்றப்போ யாரு இன்னொண்ணைத் தேடிப் போவாங்க? இதுக்காக 1998-ல அமெரிக்க அரசே மைக்ரோசாஃப்ட் மேல வழக்குப் போட்டுச்சு. தீர்ப்பு, அப்பீல், சமரசம்னு அது இழுத்து முடியறதுக்குள்ள நெட்ஸ்கேப் கதை முடிஞ்சுபோச்சு. 2001 ஆகஸ்ட்ல ஆறாம் பதிப்பு வந்தது. 2003, 2004 வாக்கில உலகத்துல பத்துல ஒன்பது பேருக்கும் மேல ஏதோ ஒரு பதிப்பு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத்தான் வெச்சிருந்தாங்க. போட்டிக்கு ஆள் இல்லன்னா யாரு வேலை செய்வா? ஏழாம் பதிப்பு வந்தது 2006 அக்டோபர்ல. அஞ்சு வருஷம்! அதுக்கு நடுவுல அந்த ஓட்டைகள் வழியா வந்த வைரஸும் ஸ்பைவேரும் இருக்கே... ராத்திரி பத்து மணிக்குக் கடையைச் சாத்திட்டு எட்டு மெஷினையும் ஃபார்மேட் பண்ணினவனைக் கேளுங்க.

தமிழ் படிக்கிறவங்களுக்கு இதுல தனிக் கஷ்டம் ஒண்ணு இருந்துச்சு. அப்போ பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல டாம், டாப்னு ரெண்டைத் தரப்படுத்தினாங்க. அதையும் எல்லாரும் பின்பற்றல. எழுத்துருவை இறக்கி நிறுவச் சொன்னா வாசகர் ஓடிடுவார்னு, 'டைனமிக் ஃபாண்ட்'னு ஒண்ணு பிடிச்சாங்க. பக்கத்தைத் திறந்தா எழுத்துரு தானா பின்னாடியே வந்துடும். அருமையான யோசனைதான், ஆனா மைக்ரோசாஃப்டோட அந்த வகை அவங்க பிரவுசர்ல மட்டும்தான் வேலை செய்யும். ஃபயர்பாக்ஸ்ல திறந்தா கொம்பு முளைச்ச ஐரோப்பிய எழுத்துகளா வரிசை கட்டி நிக்கும்.

அப்போ யூனிகோடு வந்தா சரியாயிடும்தானே? அதுவும் முழுசா இல்ல. எக்ஸ்பியில கன்ட்ரோல் பேனல் போயி, மொழி அமைப்புல ஒரு கட்டத்தை டிக் பண்ணி, அது கேட்கிற சிடியைப் போட்டாத்தான் தமிழ் ஒழுங்காத் தெரியும். எட்டு மெஷினுக்கும் நான் பண்ணினேன். (சிடி ஒரிஜினலான்னு கேட்காதீங்க :-) ) அதுக்கப்புறமும், பத்தியை ரெண்டு பக்கமும் சமமா வர்ற மாதிரி யாராவது அமைச்சிருந்தா, ஃபயர்பாக்ஸ் கொம்பைத் தனியா, காலைத் தனியாப் பிச்சுப் போட்டுடும். 2008 ஜூன்ல மூணாம் பதிப்பு வந்தப்புறம்தான் அது தீர்ந்துச்சு. நியாயமாச் சொல்லணும்ல? அந்த வரைக்கும் தமிழை அழகாக் காட்டினது நான் திட்டின நீல 'இ'-தான்.

ஆனாலும் எனக்கு ஃபயர்பாக்ஸ் மேல ஒரு வெறி. 2004 நவம்பர்ல 1.0 வந்ததுல இருந்தே. ஒரே ஜன்னல்ல பல டேப், பாப்-அப் தொல்லை இல்ல, யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருள். 2006-ல ஒரு நாள் எட்டு மெஷின்லயும் ஃபயர்பாக்ஸ் போட்டு, டெஸ்க்டாப்ல இருந்த நீல 'இ'-யை எல்லாம் எடுத்துட்டேன். ஏதோ சுதந்திரப் போராட்டம் பண்ணின மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

எஸ்டேட்ல லேத் பட்டறை வெச்சிருந்த ஒரு அண்ணன் அடிக்கடி வருவார். ரெண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், மூணு ஆளுங்க. புஷ், ஃபிளேஞ்ச்னு கடைசல் வேலை. பெரிய கம்பெனி ஒண்ணு தன் சப்ளையர் பட்டியல்ல சேர விரும்புறவங்க ஆன்லைன்லதான் பதியணும்னு சொல்லியிருந்துச்சு. கடைசி நாள், சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் நேரம். அண்ணன் மூணு மணிக்கே வந்துட்டாராம். நான் கடையில இல்ல, பாடி வரைக்கும் ஒரு வேலையாப் போயிருந்தேன். கல்லாவுல இருந்த பையன் மெஷின் போட்டுக் கொடுத்திருக்கான். மனுஷன் எண்ணெய் படிஞ்ச விரலால ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி நாலு பக்கம் நிரப்பியிருக்கார். கடைசியில 'சப்மிட்' அமுக்கினா ஒண்ணும் நடக்கல. திரும்ப அமுக்கினார். ஒண்ணும் இல்ல. தப்புன்னுகூட ஒரு செய்தி வரல. "சர்வர் பிஸி போலண்ணே, கொஞ்சம் பொறுங்க"ன்னு பையன் சொல்லியிருக்கான். அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

நான் அஞ்சே முக்காலுக்கு வந்தேன். பக்கத்தோட மூலத்தைத் திறந்து பார்த்தா, அந்தப் பொத்தானுக்குப் பின்னாடி இருந்தது விபிஸ்கிரிப்ட். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தவிர வேற எதுக்கும் புரியாத பாஷை. ஃபயர்பாக்ஸ் அதைக் கண்டுக்காம விட்டுட்டுப் போயிடும். ஸ்டார்ட்ல 'ரன்' போயி ஐ.இ.-யைத் திறந்து, மறுபடி எல்லாத்தையும் நிரப்பி அமுக்கினேன். இந்தத் தடவை உடனே பதில் வந்தது: பதிவு முடிந்துவிட்டது.

அண்ணன் கத்தலை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் மெதுவாக் கேட்டார்: "முந்தி இங்க ஒரு நீல 'இ' இருந்துச்சே, அதை எங்கே ஒளிச்சு வெச்சே தம்பி?"

அடுத்த பதிவு ஒரு வருஷம் கழிச்சுத்தான்னு பிறகு தெரிஞ்சுது. அந்த ஒரு வருஷத்துல ஒரு லேத்தை வித்தார். அதுக்கு இது மட்டுமே காரணம்னு அவர் சொல்லல. நானும் கேட்கல. கேட்கத் தைரியம் இல்லை.

ரொம்ப நாள் அந்தப் பக்கத்தை எழுதினவனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். அவன் ஒண்ணும் சதி பண்ணலை. அவன் மேஜையில இருந்தது ஒரே பிரவுசர். அவன் முதலாளி மேஜையிலயும் அதே. ஓடிச்சு, கொடுத்துட்டான். பெரும்பாலானவங்ககிட்ட ஒண்ணே இருக்குன்னா அதுக்கு மட்டும் எழுதுவாங்க. அதுக்கு மட்டும் எழுதினா மிச்சப் பேரும் அதுக்கே போயாகணும். தென் கொரியாவுல ஒரு நாடே இப்படி மாட்டிக்கிச்சு. 90-கள் கடைசியில அவங்க சொந்தமா ஒரு குறியீட்டு முறை செஞ்சு, பேங்க் வேலைக்கு அதை ஆக்டிவ்எக்ஸ் வழியாக் கொண்டுவந்தாங்க. அப்புறம் பல வருஷம் ஐ.இ. இல்லாம அங்கே பணம் அனுப்ப முடியாம இருந்துச்சு.

2009-ல கடையை மூடினேன். வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்தாச்சு. வெப்சைட் செய்யக் கத்துக்கிட்டு, எஸ்டேட் கம்பெனிகளுக்கும், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சின்னக் கடைகளுக்கும் இன்னிக்கு வரைக்கும் செஞ்சுட்டு இருக்கேன். 2008-ல வந்த குரோம், 2012-ல ஐ.இ.-யை முந்துச்சு. 2022 ஜூன் 15-ல மைக்ரோசாஃப்டே நீல 'இ'-க்கு மூடுவிழா நடத்திடுச்சு. நான் குதிச்சிருக்கணும். ஆனா எட்ஜ், ஓபெரான்னு பேர் மாறினாலும் உள்ளே இருக்கிற இன்ஜின் கூகுளோட குரோமியம்தான். உலகத்துல மூணுல ரெண்டு பங்கு பேர் கையில குரோம். நம்ம ஊர்ல இன்னும் அதிகம். குரோம் மோசமான பிரவுசர்னு சொல்ல மாட்டேன், தமிழை அழகாத்தான் காட்டுது. ஆனா நீட்சிகளுக்கான விதியைக் கூகுள் மாத்தினதும், பலர் நம்பியிருந்த விளம்பரத் தடுப்பான் யூபிளாக் ஆரிஜின் குரோம்ல செத்துப்போச்சு. ஃபயர்பாக்ஸ்ல இன்னும் ஓடுது. அந்த ஃபயர்பாக்ஸை நடத்துற மொசில்லாவுக்கு வருமானம் பெரும்பாலும் கூகுள் கொடுக்கிற காசுதான். சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

2023 ஆகஸ்ட்ல மத்திய அரசு உள்நாட்டு பிரவுசருக்குப் போட்டி வெச்சுது. 2025 மார்ச்ல முதல் பரிசு ஒரு கோடி நம்ம ஜோஹோவுக்கு. அவங்க பிரவுசர் பேர் 'உலா'. பிரவுசருக்கு நாம 'உலாவி'ன்னு தமிழ்ப் பேர் வெச்சப்போ சிரிச்சவங்க எல்லாம் ஞாபகம் வந்தாங்க. சந்தோஷமா இருந்துச்சு. உள்ளே இருக்கிறது குரோமியம்தான். தப்புச் சொல்லல. புதுசா ஒரு இன்ஜின் எழுதணும்னா கோடிக்கணக்கான வரி எழுதணும். வழியைத் திறந்து வெச்சிருக்காங்க, எடுத்துக்கலாம். ஆனா ரோடு எந்தப் பக்கம் திரும்பணும்னு முடிவு பண்றது வேற ஆளு.

சரி, தூக்கம் வராத காரணத்தை இன்னும் முழுசாச் சொல்லல. போன வருஷம் ஒரு சின்ன கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் பக்கம் செஞ்சு கொடுத்தேன். குரோம்ல பார்த்தேன், ஓடிச்சு, கொடுத்துட்டேன். பத்து நாள் கழிச்சு பூந்தமல்லியில இருந்து ஒரு அம்மா கிளினிக்குக்குப் போன் பண்ணித் திட்டியிருக்காங்க. மாமியாருக்கு நேரம் எடுக்க மூணு நாளா முயற்சி பண்றாங்க, பொத்தான் அசையவே இல்லையாம். அவங்க கையில இருந்தது பழைய ஐபோன். நான் தேதியை எழுதின விதம் குரோமுக்குப் புரிஞ்சுது, அந்த சஃபாரிக்குப் புரியல. திருத்தினது ஒரே ஒரு வரி.

அந்த அம்மா கேட்கல. ஆனா எனக்கு அண்ணன் குரல்தான் கேட்டுச்சு.

இப்போ எந்த வேலையை முடிச்சாலும் ஃபயர்பாக்ஸ்ல ஒரு தடவை, மச்சினனோட பழைய ஐபோன்ல ஒரு தடவை, ஆயிரத்து நூறு சொச்சம் கிலோமீட்டர் பஸ்ல அடிபட்ட என் அம்மாவோட விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டுல ஒரு தடவை அமுக்கிப் பார்த்துட்டுத்தான் கொடுக்கறேன். அரை மணி நேரம் அதிகமாகும், அதுக்கு யாரும் காசு தர மாட்டாங்க.

அண்ணனைப் பொங்கலுக்குப் பார்த்தேன். பட்டறையைப் பையன் பார்த்துக்கறான். இப்போ எல்லாம் போன்லயே பதியறாங்களாம். "நல்லா வேலை செய்யுதாண்ணே?"ன்னு கேட்டேன். "செய்யலைன்னா உனக்குத்தானே முதல்ல போன் வரும்"னு சிரிச்சார்.