ராணி ஜோடியை ஏன் கவிழ்த்தேன்?

கையில் இரண்டு ராணி இருந்தும் சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். ஒரு வாரமாகியும் மனசு அங்கேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 5, தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. வீடு முழுக்க உறவுக்காரர்கள். இரவு மொட்டை மாடியில் மூணு சீட்டு. காசு கிடையாது, சோழிதான். கடைசியில் யாரிடம் சோழி குறைவோ, அவர் எல்லோருக்கும் புரோட்டா வாங்கித்தர வேண்டும்.

அந்த ஆட்டத்தில் மற்றவர்கள் விலகிவிட, நானும் பெரியப்பாவும் மட்டும் மிச்சம். அவர் சீட்டைப் பார்த்தார். இருபது சோழியைத் தள்ளினார்.

“என்னட்டி, வாரியா?”

என்னிடம் இருந்தது இருபத்திரண்டு. பயந்து கவிழ்த்தேன். அவரும் தன் சீட்டைக் கட்டோடு கலந்துவிட்டார்.

“என்ன வச்சிருந்தீங்க பெரியப்பா?”

“சோழி போட்டிருந்தால்லா காட்டுவேன்!”

அன்றிரவு தூக்கம் வராமல் போனில் கணக்குப் போட்டேன். 52 சீட்டில் மூன்று சீட்டு 22,100 விதமாக விழலாம். எந்த ஜோடியையும் அடிக்கும் கைகள் 1,916. ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி 576. அதாவது, நூற்றுக்குச் சுமார் 11 கைதான் என்னை ஜெயித்திருக்கும். அடடா!

ஆனால், இந்தக் கணக்கு சீட்டைப் பார்க்காமல் ஆடுபவருக்கு. பெரியப்பா பார்த்துவிட்டுத்தான் போட்டார். அதுவும் அன்று முழுக்க மோசமான சீட்டு வந்தால் உடனே விலகியவர். அப்படியென்றால் நான் செய்தது சரியோ? விடியும்வரை இதே குழப்பம்தான்.

காலையில் காபியோடு மறுபடியும் கேட்டேன். பதிலுக்கு அவர் தன் அப்பா சொன்ன முத்துக்குளிப்புக் கதையை எடுத்தார். தூத்துக்குடியில் கடைசியாக அது நடந்தது 1961-ல். சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்களாம். உள்ளே முத்து இருக்கிறதா என்று வாங்குபவருக்கே தெரியாது.

“அதுவும் சூதாட்டம்தானே?” என்றேன்.

“இல்லட்டி. முன்னாடியே பார்ல இருந்து கொஞ்சம் சிப்பி எடுத்து, திறந்து, எவ்வளவு தேறும்னு மதிப்புப் போட்டுருவாங்க. அதுக்குப் பொறவுதான் குளிப்பே. நீ மதிப்புப் போட்டியா?”

போடவில்லை. கணக்கெல்லாம் கவிழ்த்த பிறகு வந்தது. அந்த நிமிஷம் நான் பார்த்தது சீட்டையும் அல்ல, சோழியையும் அல்ல. அவர் குரலை மட்டும்தான்.

யோசித்தால் அலுவலகத்திலும் இதே கதை. ஒரு செய்தியைத் தேடிப் பிடித்திருப்பேன். “அதெல்லாம் நிக்காதும்மா” என்று யாராவது அழுத்திச் சொன்னால் போதும், ஃபைலை மூடிவிடுவேன். நிற்குமா, நிற்காதா என்று நான் பார்த்ததே இல்லை.

போன மாதம் அப்படி மூடிய ஒன்றை இப்போது திறந்திருக்கிறேன். எது உறுதி, எது வெறும் பேச்சு, இன்னும் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தேறாவிட்டால் மூடிவிடலாம். கவிழ்ப்பது தப்பில்லை, எண்ணிப் பார்க்காமல் கவிழ்ப்பதுதான் உறுத்துகிறது.

பெரியப்பாவிடம் என்ன சீட்டு இருந்தது? இன்றுவரை சொல்லவில்லை.

ஆமாம், அன்றைக்குப் புரோட்டா யார் வாங்கியது என்று கேட்கிறீர்களா? அத்தனை பயந்து பயந்து ஆடியும், கடைசியில் சோழி குறைவாக வைத்திருந்தது நான்தான்!