நீண்ட சொல்லை வாலில் பிடியுங்கள்

ஆங்கில வகுப்பில் நீண்ட சொல் ஒன்று வந்தால் பிள்ளைகள் முதல் எழுத்திலிருந்து கூட்டத் தொடங்கிப் பாதியிலேயே திணறி நிற்பார்கள். நான் கடைசி அசையிலிருந்து தொடங்கச் சொல்வேன். கரும்பலகையில் ‘யூனிவர்சிட்டி’ என்று எழுதி, முன்பகுதியைக் கையால் மறைத்துக்கொள்வேன். ‘டி’ என்பார்கள். கையைச் சற்று விலக்கினால் ‘ஸ-டி’, இன்னும் விலக்கினால் ‘வர்-ஸ-டி’, பிறகு ‘யூ-னி-வர்-ஸ-டி’. ஐந்து அசையும் தடங்கலில்லாமல் வந்துவிடும், அழுத்தமும் ‘வர்’ மேல் சரியாக உட்கார்ந்துவிடும்.

கடைசியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. நீண்ட சொற்களில் அழுத்தம் எங்கே விழும் என்பதைப் பெரும்பாலும் விகுதிதான் முடிவுசெய்கிறது. ‘ஷன்’, ‘இக்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் விழும்: ‘எக்ஸாமினேஷ’னில் ‘னே’, ‘எகனாமிக்’கில் ‘னா’. ‘இட்டி’, ‘லஜி’, ‘கிரஃபி’ என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் விழும். ‘அரித்மெடிக்’ போன்ற விலக்குகள் சில உண்டு. அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யவைக்கிறேன்.

அசை பிரிப்பதோடு வேலை முடியாது. ‘ஃபோட்டகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘ஃபடாகிரஃபி’ என்றதும் அது இரண்டாம் அசைக்கு நகர்கிறது. முதலில் கணீரென்று ஒலித்த ‘ஃபோ’ மங்கி ‘ஃப’ ஆகிவிடுகிறது. ஓர் அசை ஓங்கினால் பக்கத்து அசைகள் ஒடுங்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கடினமான இடம் இதுதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஒவ்வோர் உயிருக்கும் உரிய அளவைக் கொடுத்துப் பழகிய நாக்கு அவர்களுடையது. அப்போது குற்றியலுகரத்தை நினைவூட்டுவேன். ‘பட்டு’ என்பதன் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதை அவர்களே சொல்லிப் பார்த்ததும், உயிர் ஒடுங்குவது நம் வாய்க்குப் புதிதல்ல என்று புரிந்துகொள்கிறார்கள்.

அகராதி பார்க்கும்போது ஒரு கவனம் தேவை. பல அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லுக்கு நடுவே உள்ள புள்ளிகள், வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டுபவை. உச்சரிப்பின் அசைகளோடு அவை எப்போதும் ஒத்துப்போகா. டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியின் வழிவந்தவற்றில், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே சிறு கோடு இருக்கும். அந்தக் கோட்டைத்தான் தேட வேண்டும்.

ஓர் ஒலி சற்றுப் பிசகினாலும் கேட்பவர் சமாளித்துக்கொள்வார். அழுத்தம் இடம் மாறினால் சொல்லே பிடிபடாமல் போகும். ஆகவே புதுச் சொல்லைப் பலகையில் எழுதும்போதே, பொருளுக்கு முன்பாக அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள்.