இப்ஹாம் எனும் பெருவிரல்

அரபு மொழியில் பெருவிரலுக்கு 'இப்ஹாம்' என்று பெயர். தெளிவின்மை, மயக்கம் என்னும் பொருளிலும் அதே சொல் வழங்குகிறது. இவ்விரு பொருளையும் வகுப்பில் மாணவர்க்குப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். இரண்டும் ஓரிடத்தில் வந்து கூடும் என்பதை எமக்குக் கற்பித்தது எமது வலது கால்.

கால் பெருவிரல் அடுத்த விரலின் மேல் சாய, அதன் அடிமூட்டு பாதத்தின் உட்பக்கம் புடைத்து நிற்பது பலருக்குள்ள கோளாறு. மருத்துவர்கள் இதனைப் 'பனியன்' என்கின்றனர். நம் செவிக்கோ அது உள்ளாடையின் பெயர்! எலும்பு புதிதாக வளர்ந்துவிட்டது என்று மக்கள் கருதுவர். உண்மை அதுவன்று. பெருவிரலைத் தாங்கும் பாத எலும்பு ஒருபுறமும் விரல் மறுபுறமும் விலகுவதால், இடையிலுள்ள மூட்டு கூரை முகடுபோல் வெளித்தள்ளுகிறது. விரலின் சாய்வு 15 பாகைக்கு மேற்பட்டால் கோணல் என்பது மருத்துவ அளவு. 2010இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேருக்கு இஃது உண்டு.

பழி முழுவதையும் காலணியின் மேல் போடுவோர் உளர். அதற்கு ஆதாரமும் உண்டு. 1958இல் ஹாங்காங்கில் நடந்த ஆய்வில், காலணி அணிவோரில் நூற்றுக்கு 33 பேருக்கும், வெறுங்காலோடு வாழ்ந்தோரில் நூற்றுக்கு இருவருக்கும் இக்கோணல் காணப்பட்டது. எனினும் எம் தாயார் வாழ்நாளில் சப்பாத்து அணிந்தவரல்லர். அவர்தம் பாதமும் இவ்வாறே இருந்தது. குடும்ப வழியும் இதற்கு ஒரு காரணம் என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் உறுதி செய்துள்ளன.

வலி மிகுந்து, நின்று பாடம் நடத்தவும் இயலாத நிலையில், 2011ஆம் ஆண்டு நகரத்து மருத்துவர் ஒருவரை நாடினோம். அவர் இரண்டு வழிகளைக் கூறினார். ஒன்று, விலகிய எலும்பை வெட்டி நகர்த்தி, திருகாணியால் பொருத்துவது. இதில் மூட்டு மடங்கும். ஆனால் காலப்போக்கில் விரல் மீண்டும் சாயக்கூடும். மற்றொன்று, மூட்டையே இறுக்கி ஒட்டிவிடுவது. இதில் விரல் பெரும்பாலும் சாயாது. ஆனால் அம்மூட்டு இனி ஒருபோதும் மடங்காது. "உங்கள் கால் என்ன வேலை செய்ய வேண்டும்?" என்று அவர் வினவினார்.

அவர் முஸ்லிம் அல்லர். ஆதலால் ஒரு விரிப்பைக் கேட்டு வாங்கி, அத்தஹிய்யாத்து இருப்பில் அமர்ந்து காட்டினோம். ஹனஃபிகள் இடது காலின் மீது அமர்வர். ஷாஃபிஈகள் கடைசி இருப்பில் இடது காலை வெளியே நீட்டி அமர்வர். எம்முறையாயினும் வலது பாதம் நட்டு நிற்க, விரல்கள் மடங்கிக் கிப்லாவை நோக்கும். மருத்துவர் குனிந்து அந்த மடிப்பைக் கூர்ந்து பார்த்தார். "அப்படியானால் ஒட்ட வேண்டாம், சாய்வு திரும்பினாலும் பொறுத்துக்கொள்வீர்களா?" என்றார். பொறுத்துக்கொள்வோம் என்றோம்.

ஆறு வாரங்களில் எலும்பு கூடிவிட்டது. ஊர் மக்கள் "குணமாயிற்றா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். விடை சொல்ல அது நேரமன்று. வீக்கம் வடிய மாதங்கள் பல ஆயின. அவ்வாண்டுத் தராவீஹை நாற்காலியில் அமர்ந்தே தொழுதோம். முழுமையாக இருப்பில் அமர ஓர் ஆண்டு சென்றது. ஏழாம் ஆண்டில் விரல் மீண்டும் சற்றே சாயத் தொடங்கியது. இன்று எக்ஸ்ரே படத்தை மட்டும் பார்ப்பவர், அறுவை தோற்றது என்பார். எமக்கோ வலியில்லை, விரல் மடங்குகிறது.

இது எம் ஒருவரின் அனுபவமன்று. 16,000க்கு மேற்பட்ட அறுவைகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வில், மனநிறைவு பெறாதோர் ஏறத்தாழ பத்தில் ஒருவர். 2021இல் வந்த மற்றொரு தொகுப்பிலோ, ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் சாய்வு திரும்பியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால், சாய்வு திரும்பியோர் அனைவரும் வருந்துவோர் அல்லர் என்பது விளங்கும். விரல் நேராவது வேறு. கால் தன் கடமையைச் செய்வது வேறு.

எம் உறவில் ஒரு மூதாட்டி மற்ற வழியைத் தேர்ந்தார். பத்தாண்டுகளாக அவர் விரல் அளவுகோல்போல் நேராக நிற்கிறது; வலி அறவே இல்லை. ஸஜ்தாவில் அது மடங்காது. பாதத்தை இயன்றவாறு வைத்துத் தொழுகிறார். இயலாதவர்க்கு இயன்ற அளவே கடமை என்ற சலுகையை மார்க்கம் தந்திருக்கிறது. முதுமையில் வலியின்றி நடமாடுவதே அவர் வேண்டியது, அதனைப் பெற்றார். அவருக்கு அது சரி. எமக்கு இது சரி.

எமது இடது பாதம் வலதைவிடக் கோணலானது. அதில் இன்றுவரை கத்தி படவில்லை. ஏனெனில் அது வலிப்பதில்லை. அகன்ற செருப்பு அதற்குப் போதுமானதாக இருக்கிறது. அழகுக்காக மட்டும் இவ்வறுவையை நாடுவோர்க்கு, மாதக்கணக்கான வீக்கமும் திரும்பக்கூடிய சாய்வும் தகுந்த விலையல்ல என்பது எமது கருத்து. வலியால் வாடுவோர் அஞ்சவும் வேண்டா. பின்லாந்தில் 209 பேரை வைத்து நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் காத்திருந்தோரைக் காட்டிலும் அறுவை செய்துகொண்டோர்க்கே வலி குறைந்திருந்தது.

ஆகவே, கத்தி படுமுன் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: மூட்டு மடங்குமா? சாய்வு திரும்ப வாய்ப்பு எவ்வளவு? எடை மற்ற விரல்களின் மேல் விழுந்து அங்கே வலி தோன்றுமா? அவர் கேளாவிடினும் நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள்: உங்கள் கால் நாள்தோறும் என்னென்ன செய்கிறது என்பதை. வாயால் விளக்க இயலாதெனில், வெட்கப்படாமல் தரையில் அமர்ந்து காட்டுங்கள்.