பையிலிருந்து நழுவிய கல்



பித்தப்பையில் கல் இருக்கிறதென்று ஸ்கேன் அறிக்கை வந்துவிட்டால், நம் இல்லங்களில் உடனே எழும் வினா, "ஆபரேஷன் எப்போது?" என்பதே. அதற்கு முன்னர் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. கல் பைக்குள்தான் இருக்கிறதா, அல்லது நழுவிப் பித்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டதா? பித்தப்பைக் கல்லால் தொல்லைப்படுவோரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குக் குழாயிலும் கல் இருக்கக்கூடும். அதைக் கண்டறியாமல் பையை மட்டும் அகற்றினால், பின்னொரு நாள் காமாலையோ குளிர்சுரமோ கணைய அழற்சியோ கண்டு நோயாளி மீண்டும் மருத்துவமனைக்கு வர நேரிடலாம்.

கல்லீரலில் ஊறும் பித்தநீர் பித்தப்பையில் தேங்கி நிற்கிறது. நெய்யும் கொழுப்பும் மிகுந்த உணவை உண்ணும்போது பை சுருங்கி, அந்நீரைக் குழாய் வழியே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. பையின் வாயிலைக் கல் அடைத்துக்கொண்டால் வலி தோன்றும். வலீமா விருந்து உண்ட இரவில் வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்து இழுப்பது இதனால்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்தக் கல் அதிகம் உண்டாகிறது. அவர்களோ "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஐம்பத்தெட்டு வயதான என் லாத்தாவும் அவ்வாறே இரண்டு ஆண்டுகளைக் கடத்தினார். ஒருநாள் காலையில் அவருடைய கண்கள் மஞ்சளித்திருந்தன. சிறுநீர் கடுந்தேநீரின் நிறத்தில் போயிற்று. உடலெங்கும் அரிப்பு. அவருடைய மாமி உடனே கீழாநெல்லி பறித்துவர ஆள் அனுப்பினார். "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஏதம்மா? பத்து நாள் பத்தியம் இருந்தால் இறங்கிவிடும்" என்றார்.

இந்நம்பிக்கை எப்படி வேரூன்றியது என்பது விளங்கக்கூடியதே. ஏ, இ வகை வைரஸ்களால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிந்துவிடும். பெயர் மூலிகைக்குப் போய்ச் சேரும். ஆனால் குழாயில் கல் அடைத்து வரும் காமாலை வேறு. கல் சற்றே நகர்ந்தால் மஞ்சள் குறையும், மீண்டும் அடைத்தால் ஏறும். குறைந்த நாளில் மூலிகை வேலை செய்கிறது என்றே வீடு மகிழும். வலியும் காமாலையும் நடுக்கத்தோடு கூடிய சுரமும் ஒன்றுசேர்ந்தால், பித்தக் குழாயில் சீழ்த்தொற்று ஏற்பட்டிருக்கலாம். அந்நிலையில் ஒருநாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து.

லாத்தாவுக்குச் சுரம் இல்லை. இரத்தத்தில் பிலிருபின் 2.6 இருந்தது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பைக்குள் பல கற்கள் தெரிந்தன. குழாய் 8 மில்லிமீட்டர் அகன்றிருந்தது; பித்தப்பை உள்ளவர்களுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஐயப்பட வேண்டும். ஆயினும், குழாய்க்குள் கல் எதுவும் தென்படவில்லை என்றே அறிக்கை கூறியது.

இங்கேதான் குடும்பம் இரண்டு பட்டது. "கல் இல்லையென்று எழுதியே கொடுத்துவிட்டார்களே, பையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றார் மச்சான். "எதற்கு ஐயம்? எண்டோஸ்கோப்பி வழியே குழாய்க்குள் நுழைந்து பார்க்கும் ஈ.ஆர்.சி.பி.யை இன்றே செய்துவிடலாம்" என்றார் மருமகன். மருத்துவர் இரண்டுக்கும் இசையவில்லை.

அவர் விளக்கியதை, பின்னர் நான் படித்தறிந்தவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன். பித்தக் குழாயின் கீழ்முனை சிறுகுடலின் பின்னே மறைந்திருக்கிறது. குடலிலுள்ள காற்று ஒலி அலைகளைத் தடுத்துவிடும். குழாய்க் கல் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 73 பேருக்கே அல்ட்ராசவுண்ட் அதைக் காட்டுகிறது என்பது 2015-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின் கணக்கு. ஆகவே, "தென்படவில்லை" என்ற சொல்லை "இல்லை" என்று வாசித்துவிடலாகாது.

ஈ.ஆர்.சி.பி.யோ இன்று சிகிச்சைக்கு உரியது. வெறுமனே எட்டிப் பார்ப்பதற்காகச் செய்யத்தக்கதன்று. அதைச் செய்துகொள்வோரில் நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேர் வரை கணைய அழற்சிக்கு ஆளாகிறார்கள். கல்லே இல்லாத ஒருவருக்கு அந்த ஆபத்தை ஏன் தர வேண்டும்? அமெரிக்க எண்டோஸ்கோப்பி மருத்துவர் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதைத்தான் வரையறுக்கிறது. ஸ்கேனில் குழாய்க் கல் கண்ணுக்கே தெரிந்தாலோ, குழாயில் சீழ்த்தொற்று இருந்தாலோ, பிலிருபின் 4-க்கு மேல் ஏறிக் குழாயும் அகன்றிருந்தாலோ நேரே ஈ.ஆர்.சி.பி. செய்யலாம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், இரத்தப் பரிசோதனை சரியில்லாதவர், குழாய் மட்டும் அகன்றவர் ஆகியோர் இடைநிலையினர். அவர்களுக்கு முதலில் தீங்கற்ற ஒரு பரிசோதனை வேண்டும். காந்தப் படமான எம்.ஆர்.சி.பி. அதற்கு ஏற்றது. ஊசி மருந்தும் எக்ஸ்ரே கதிரும் அதில் இல்லை. மிகச் சிறு கற்களை அது தவறவிடுவதுண்டு. அவற்றை எண்டோஸ்கோப்பி முனையிலிருந்தே ஒலி அலை அனுப்பும் இ.யூ.எஸ். நன்கு காட்டும். சில ஊர்களில், பையை அகற்றும்போதே குழாயில் சாயம் செலுத்திப் படமெடுத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொரு செய்தி. கல் அடைத்த முதல் ஓரிரு நாள்களில் எஸ்.ஜி.பி.டி. போன்ற கல்லீரல் நொதிகளும் பல நூறாக உயர்வதுண்டு. அதைப் பார்த்து வைரஸ் காமாலை என்று முடிவு கட்டிவிடும் அபாயம் படித்தவர்களுக்கும் இருக்கிறது.

லாத்தாவின் எம்.ஆர்.சி.பி.யில், குழாயின் கீழ்முனையில் இரண்டு கற்கள் தெரிந்தன. மச்சான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஈ.ஆர்.சி.பி. வழியே அவற்றை எடுத்தார்கள். நான்காம் நாள் பித்தப்பையையும் அகற்றினார்கள். கற்களோடு பையை விட்டுவைத்தால், மீண்டும் நழுவக் கற்கள் அங்கே காத்திருக்குமல்லவா?

எங்கள் தெருவில் அதே மாதம் மற்றொரு பெண்மணிக்கும் காமாலை கண்டது. அவருக்கும் இடைநிலைதான். எம்.ஆர்.சி.பி. எடுத்தபோது குழாய் சுத்தமாக இருந்தது. சிறு கல் தானே குடலுக்குள் இறங்கிவிட்டிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஈ.ஆர்.சி.பி. இல்லாமலே பையை மட்டும் அகற்றிக்கொண்டு அவர் வீடு திரும்பினார்.

லாத்தாவுக்குப் பித்தநீர் தடையின்றி வடிய, குழாயில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும். வலி நின்றதும் இதை மறந்துவிடுவோர் பலர். நாள்பட்டால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொண்டு சுரத்தையும் காமாலையையும் கொண்டுவரும். அவருடைய மாமி அடுக்களை நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிடச் செய்தார். குறித்த நாளில் மருமகளை அழைத்துப் போனவரும் அவரே.